தொரப்பள்ளி தந்த ராஜாஜி

ஓசூர் இன்று பெரிய தொழில் நகரம். கர்நாடக எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெங்களூர் சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. வேலை தேடிப் பல ஊர்களில் இருந்து வந்தவர்கள் அங்கே குடியேறி இருக்கிறார்கள்.

அந்த இரைச்சலை விட்டுச் சற்றுத் தூரம் போனால், தென்பெண்ணை ஆற்றின் பக்கத்தில் ஒரு சிற்றூர். பெயர், தொரப்பள்ளி. அங்கே ஒரு சிறிய வீடு. தமிழக அரசு அதை நினைவு இல்லமாகப் பாதுகாத்து வருகிறது.

அந்த வீட்டில் பிறந்த குழந்தைதான், பின்னாளில் இந்தியா முழுவதற்கும் கவர்னர்-ஜெனரல் ஆயிற்று. அவர்தான் ராஜாஜி.

பெரியவர்கள் பிறந்த வீட்டைப் போற்றுவது உலக வழக்கம். போலந்து நாட்டின் தலைநகர் வார்சா. ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையார் பிறந்தது அந்த நகரில்தான். அவர் பிறந்த வீடு இன்று காட்சிசாலை. வெளிநாட்டுக்காரர்களும் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். நம் பக்கத்தில் அப்படிப் பார்க்கவேண்டிய வீடு, தொரப்பள்ளி வீடு.

முன்சீப் மகன்

1876-ம் ஆண்டு தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று முதியவர்கள் சொல்வார்களே, அதுதான். சேலம் மாவட்டம் மிகவும் அடிபட்டது. அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன.

பஞ்சம் ஓய்ந்த சமயத்தில், 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந்தேதி ராஜகோபாலாச்சாரி பிறந்தார். தந்தை வெங்கடராய அய்யங்கார், தொரப்பள்ளியின் கிராம முன்சீப். தாயார் சிங்காரம்மாள். மூன்று ஆண் மக்களில் இவர் கடைசி.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஒலிக்கும் பகுதி அது. சிறுவன் ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தான். பிறகு பெங்களூர் சென்டிரல் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றான். சென்னையில் சட்டம் படித்தான். கிராம முன்சீப் மகன் வக்கீல் ஆனான்.

1900-ம் ஆண்டு வாக்கில் சேலத்தில் தொழில் தொடங்கினார். வாதத் திறமையால் பெயரும் பணமும் குவிந்தன.

ஆனால் வீட்டில் ஒரு துயரம் வந்தது. மனைவி அலமேலு மங்கம்மாள் இளம் வயதிலேயே காலமானார். ஐந்து குழந்தைகள். ராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை. தாயாகவும் தந்தையாகவும் இருந்து குழந்தைகளை வளர்த்தார்.

1917-ல் சேலம் நகரசபைத் தலைவர் ஆனார். அதே காலத்தில் ஈரோட்டில் நகரசபைப் பொறுப்பில் இருந்தவர் பெரியார் ஈ.வெ.ரா. இருவரும் நண்பர்கள் ஆனார்கள். பின்னாளில் கொள்கையில் இரு துருவங்கள் ஆனார்கள். நட்பு மட்டும் போகவில்லை.

வக்கீல் தொழிலை விட்டார்

1919-ல் காந்தியடிகள் சென்னை வந்தபோது, ராஜாஜி குடியிருந்த வீட்டில் தங்கினார். அதன்பின் ராஜாஜியின் பாதை மாறியது. கை நிறைய வருமானம் தந்த வக்கீல் தொழிலை உதறினார். 1921 டிசம்பரில் கைதானார். வேலூர் சிறையில் மூன்று மாதம் இருந்தார். அங்கேயும் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதினார்.

1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். சேலத்தில் வசதியாக வாழ்ந்தவர், ஆசிரமத்தின் சிறு குடிலுக்குக் குடிபோனார். கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய மூன்றும் அங்கே நடந்த வேலைகள்.

அந்தச் சுற்று வட்டாரத்தில் உழைப்பவன் கூலி கள்ளுக்கடைக்குப் போவதையும், அவன் வீட்டில் அடுப்பு எரியாமல் இருப்பதையும் அவர் நேரில் கண்டார். மதுவை ஒழிப்பதற்காகவே விமோசனம் என்ற பத்திரிகையை நடத்தினார். அவருக்கு அதில் துணை நின்றவர் எழுத்தாளர் கல்கி.

மரத்தில் தொங்கிய சோறு

1930-ம் ஆண்டு. காந்தியடிகள் தண்டிக்குச் சென்று உப்பு எடுத்தார். தமிழ்நாட்டில் வேதாரண்யத்தில் உப்பு எடுப்பது என்று முடிவாயிற்று.

ஏப்ரல் 13-ந்தேதி திருச்சியில் இருந்து ராஜாஜி புறப்பட்டார். கூடவே சுமார் நூறு தொண்டர்கள். சுமார் 150 மைல் தூரம். கொளுத்தும் வெயில். தலைவருக்கு வயது 51.

தஞ்சை கலெக்டராக இருந்த தார்ன் என்ற வெள்ளைக்காரர் ஓர் உத்தரவு போட்டார். தொண்டர்களுக்கு யாரும் சோறு போடக்கூடாது. தங்க இடம் தரக்கூடாது. மீறினால் சிறை.

மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றைப் பொட்டலமாகக் கட்டி வழியில் இருந்த மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் வைத்தது என்று போலீசாருக்குத் தெரியாது. தொண்டர்கள் எடுத்து உண்டுவிட்டு நடந்தார்கள்.

ஏப்ரல் 28-ந்தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். 30-ந்தேதி ராஜாஜி உப்பு எடுத்தார். கைது செய்யப்பட்டுச் சிறைக்குச் சென்றார். வேதாரண்யம் அருகே அகஸ்தியம்பள்ளியில் உள்ள நினைவுத்தூண் அந்தக் கதையை இன்றும் சொல்லி நிற்கிறது.

முதலில் சொந்த மாவட்டம்

1937-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். அப்போது முதல்-அமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள்.

பதவிக்கு வந்ததும் பழைய கனவை நிறைவேற்றினார். 1937 அக்டோபர் 1-ந்தேதி மதுவிலக்கு வந்தது. எந்த மாவட்டத்தில் முதலில்? அவர் பிறந்து வளர்ந்த சேலம் மாவட்டத்தில். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன.

அரசுக்கு வருமானம் குறைந்தது. அதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். தாழ்த்தப்பட்ட மக்கள் கோவிலுக்குள் செல்வதற்குச் சட்டப் பாதுகாப்பும் அதே ஆண்டில் அளித்தார்.

ஆனால் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடம் ஆக்கியதால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். போராடியவர்கள் பலர் சிறை சென்றார்கள். அவர்களில் பழைய நண்பர் பெரியாரும் ஒருவர்.

1942-ல் காங்கிரஸ் கட்சி வெள்ளையனே வெளியேறு போராட்டத்துக்குத் தயாரானது. ராஜாஜி அதை ஏற்கவில்லை. முஸ்லிம் லீக்குடன் சமரசம் செய்துகொள்ளவேண்டும் என்றார். கட்சியை விட்டு விலகினார். சட்டசபைப் பதவியையும் விட்டார். பலர் ஏசினார்கள். தனி மனிதராக நின்றார்.

340 அறை மாளிகை

நாடு விடுதலை பெற்றதும், 1947-ல் மேற்கு வங்காள கவர்னர் ஆனார். 1948 ஜூன் 21-ந்தேதி மவுண்ட்பேட்டனுக்குப் பிறகு கவர்னர்-ஜெனரல் ஆனார். அந்தப் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர் அவர்தான்.

டெல்லியில் வைஸ்ராய்கள் வாழ்ந்த மாளிகையில் 340 அறைகள். வைஸ்ராய்களின் ஆடம்பரமான அறைகளை ராஜாஜி தமக்கு வைத்துக்கொள்ளவில்லை. அவற்றை விருந்தினருக்கு விட்டார். தாம் வசிக்கச் சில அறைகளே போதும் என்று ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டார். பின்னால் வந்த குடியரசுத் தலைவர்களும் அந்த வழியையே பின்பற்றினார்கள். தொரப்பள்ளி வீட்டின் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

1950 ஜனவரி 26-ந்தேதி இந்தியா குடியரசு ஆயிற்று. ராஜாஜி மாளிகையை ராஜேந்திர பிரசாத்திடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினார்.

மீண்டும் ஒரு முறை

1952-ல் சென்னை மாநிலத்தின் முதல்-அமைச்சர் பொறுப்பு தேடி வந்தது. அப்போது அரிசிக்கு ரேஷன். மக்கள் அல்லல்பட்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டை ராஜாஜி நீக்கினார். வீடுகளில் மகிழ்ச்சி பொங்கியது.

அடுத்த ஆண்டே ஒரு சறுக்கல். 1953-ல் புதிய கல்வித்திட்டம் கொண்டுவந்தார். கிராமப் பிள்ளைகள் பள்ளியில் அரைநாள் படிக்கவேண்டும். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும். நிறையப் பிள்ளைகளுக்குப் படிப்பு கிடைக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். ஆனால் சவரத் தொழிலாளி மகன் சவரம்தான் செய்யவேண்டுமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள். சொந்தக் கட்சியிலும் எதிர்ப்பு கிளம்பியது.

1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அதே 1954-ல்தான் நாட்டின் உயர்ந்த விருதான பாரத ரத்னா ராஜாஜிக்குக் கிடைத்தது.

பதவி போனபின் பேனா ஓயவில்லை. ராமாயணத்தை எளிய தமிழில் சக்கரவர்த்தித் திருமகன் என்று எழுதினார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் அதைப் படித்தார்கள். 1958-ல் அதற்குச் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார்.

1962-ல் அமெரிக்கா சென்றார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தவேண்டும் என்று ஜனாதிபதி கென்னடியிடம் நேரில் வற்புறுத்தினார். அப்போது வயது 83.

கடைசிக் கோரிக்கை

1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்த அரசு முடிவு செய்தது. 92 வயது ராஜாஜி, முதல்-அமைச்சர் கருணாநிதியை அவர் வீட்டிலேயே சந்தித்தார். அந்த முடிவு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோரிக்கை பலிக்கவில்லை. சேலம் மாவட்டத்தில் 34 ஆண்டுகளுக்கு முன் அவர் மூடிய கடைகள் மீண்டும் திறந்தன.

1972 டிசம்பர் 25-ந்தேதி சென்னையில் ராஜாஜி காலமானார். வயது 94. வாழ்நாள் முழுவதும் அவரை எதிர்த்த பெரியார், தள்ளாத வயதில் சக்கர நாற்காலியில் வந்து, நண்பருக்காகக் கண்ணீர் விட்டார்.

சென்னை கிண்டியில் ராஜாஜிக்குப் பெரிய நினைவு மண்டபம் இருக்கிறது. தொரப்பள்ளியிலோ அந்தச் சிறிய வீடுதான்.

ஓசூர்ப் பக்கம் செல்பவர்கள், குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு நடை போய் அதைப் பார்த்துவிட்டு வரலாம். சுற்றிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. 340 அறை மாளிகையில் இருந்தவர் பிறந்த இடம் இவ்வளவுதானா என்று குழந்தைகள் கேட்பார்கள். இவ்வளவுதான். அங்கிருந்துதான் அவர் புறப்பட்டார்.