மரியமா பா: மார்க்கமும் மரபும்

ஆப்பிரிக்கப் புதினங்களில் மதவெறியும் மரபுவெறியும் இடம்பெறும் பாங்கினை ஆராய்வோர், செனகல் நாட்டு மரியமா பா அம்மையாரைத் தவிர்த்துச் செல்ல இயலாது. இரண்டே புதினங்கள் எழுதிய அவர், மார்க்கம் எது, அதன் பெயரால் நிலவும் மரபு எது எனப் பிரித்துக் காட்டியவர்.

1929ஆம் ஆண்டு டாக்கர் நகரில் முஸ்லிம் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்த அவரைப் பாட்டனாரும் பாட்டியாரும் வளர்த்தனர். பெண்ணுக்குத் தொடக்கக் கல்வியே போதும் என்பது அவர்தம் எண்ணம். தந்தையாரின் உறுதியால் பள்ளிப்படிப்பு தொடர்ந்தது. திருக்குர்ஆன் கல்வியும் உடன் நடந்தது. ருஃபிஸ்க் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பயின்று, 1947இல் ஆசிரியையானார். 12 ஆண்டுகள் கற்பித்தபின், உடல்நலக் குறைவால் கல்வி ஆய்வாளர் பணியை ஏற்றார். ஒன்பது மக்களுக்குத் தாயான அவருடைய இல்வாழ்க்கை மணவிலக்கில் முடிந்தது.

'இத்துணை நீண்ட கடிதம்' எனப் பொருள்படும் அவருடைய முதற் புதினம் 1979இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்து, 1980இல் முதலாவது நோமா விருதினைப் பெற்றது. கணவனை இழந்த ரமத்துலாயே, இத்தா இருக்கும் நாள்களில் தன் தோழி ஐசத்துவுக்கு எழுதும் கடிதமே கதை. மகளின் தோழியையே இரண்டாந்தாரமாக மணந்து, தன்னையும் பன்னிரு மக்களையும் கைவிட்ட கணவனுக்காகவே அவள் இத்தா இருக்கிறாள். தோழியின் துயரோ வேறு. அரச மரபினள் என்ற செருக்குடைய மாமியார், பொற்கொல்லர் குலத்து மருமகளை ஏற்க மனமின்றி, மகனுக்கு வேறொரு பெண்ணை மணமுடிக்கிறாள்.

கணவன் இறந்த நாற்பதாம் நாள் நிகழ்ச்சியை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அவன் அண்ணன் இமாமை உடனழைத்து வந்து, இத்தா முடிந்ததும் அவளைத் தான் மணக்கப் போவதாக அறிவிக்கிறான். அவள் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. பெண்ணை வலிந்து உரிமையாக்கிக் கொள்வதைத் திருமறை தடுத்திருக்க, மரபோ அவளைச் சொத்தாகக் கருதுகிறது. ரமத்துலாயே மறுக்கிறாள், ஆயினும் நான்கு மாதம் பத்து நாள் என்னும் இத்தாவை வழுவாது காக்கிறாள். மார்க்கத்தைப் பேணியவளே மரபை மறுத்தாள் என்பதில்தான் இப்புதினத்தின் வலிமை அடங்கியுள்ளது.

1981 ஆகஸ்டு 17இல் அம்மையார் மறைந்தார். அதன்பின் வெளிவந்த இரண்டாம் புதினத்தில், பிரெஞ்சுத் தந்தையின் இனச்செருக்கும் செனகல் மாமியாரின் மரபுப் பிடிவாதமும் ஓர் இளங்குடும்பத்தைச் சிதைக்கின்றன. வெறி எந்த ஓர் இனத்துக்கும் தனியுடைமையன்று என்பதை அது உணர்த்துகிறது.

கோரே தீவில் பெண்கள் பள்ளியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இமாம் உடன் வந்தார் என்பதனாலேயே ஒரு வழக்கம் மார்க்கமாகிவிடாது; அதனை உரசிப் பார்க்கும் அறிவையே மரியமா பா நமக்கு விட்டுச் சென்றுள்ளார்.