ரகசியம் காத்த இயந்திரம்!

குட்டீஸ்! போன் மணி அடித்ததும் என்ன செய்வீர்கள்? யாருடைய எண் என்று திரையைப் பார்ப்பீர்கள் அல்லவா? சுமார் 140 ஆண்டுகளுக்கு முன் அந்த வசதி கிடையாது. ஆனால், ஊரில் யார் யாருடன் பேசுகிறார்கள் என்பது ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர்தான் டெலிபோன் ஆபரேட்டர்!

அப்போது போனில் எண்களை அழுத்த முடியாது. இன்னாருடன் பேச வேண்டும் என்று ஆபரேட்டரிடம் சொன்னால், அவர் கம்பியைச் செருகி இணைப்புக் கொடுப்பார். அவர் நினைத்தால் ஒட்டுக் கேட்கலாம். இணைப்பை வேறு ஆளுக்கும் மாற்றி விடலாம்.

இதை மாற்றிக் காட்டியவர் ஆல்மன் பிரவுன் ஸ்ட்ரோஜர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பென்ஃபீல்டில் 1839ம் ஆண்டு பிறந்தார். உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்தார். பிறகு பள்ளி ஆசிரியரானார். கடைசியில், கான்சாஸ் சிட்டியில் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் தொழிலுக்கு வந்தார்.

திடீரென்று அவருடைய வியாபாரம் குறைந்தது. தனக்கு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்காரருக்குத் திருப்பி விடுவதாக அவர் சந்தேகப்பட்டார். அந்த ஆபரேட்டர் போட்டிக்காரரின் மனைவி என்றுகூட ஒரு கதை உண்டு!

ஸ்ட்ரோஜர் சண்டைக்குப் போகவில்லை, யோசித்தார். நடுவில் ஆளே இல்லாமல் இணைப்புக் கிடைத்தால் என்ன? சட்டைக் காலர் வைக்கும் வட்டப் பெட்டியில் குண்டூசிகளைக் குத்தி, நடுவில் ஒரு பென்சிலை நிறுத்தி, முதல் மாதிரியைச் செய்தார் என்பார்கள். பென்சில் சுழன்று எந்த ஊசியைத் தொடுகிறதோ, அந்த எண்ணுக்கு இணைப்பு!

1891ல் காப்புரிமை கிடைத்தது. 1892 நவம்பரில், இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் அவரது தானியங்கித் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. 1896ல் காப்புரிமைகளை வெறும் 1,800 டாலருக்கு விற்றுவிட்டார். 1902ல் மறைந்தார். ஆனால், அவர் வழியில் வந்த சுவிட்சுகள் உலகெங்கும் பல ஆண்டுகள் வேலை செய்தன.

அந்த இயந்திரம் ஒட்டுக் கேட்காது. யார் பேசினார்கள் என்று யாரிடமும் சொல்லாது. இதில் ஒரு சிக்கலும் வந்தது. தொல்லை கொடுக்கும் மர்ம ஆசாமியைக் கண்டுபிடிக்க, ஊழியர்கள் ஒவ்வொரு சுவிட்சாகப் பார்த்துப் போக வேண்டியிருந்தது!

1980களில் அமெரிக்காவில், அழைப்பவரின் எண்ணைக் காட்டும் கருவி வந்தது. தொல்லை குறையும் என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால், டைரக்டரியில் எண் வெளியாக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்கள் பதறினர். ஒரு முறை கடைக்குப் போன் செய்தாலே அவர்கள் எண் வெளியே தெரிந்துவிடுமே! அதனால், நட்சத்திரக் குறியும் 67ம் அழுத்தி எண்ணை மறைக்கும் வழியும் கொடுக்கப்பட்டது.

குட்டீஸ்! இன்று நம் போனிலேயே எத்தனையோ பேருடைய எண்கள் இருக்கின்றன. ஒரு வகையில் நாமும் அந்தக் கால ஆபரேட்டர் மாதிரிதான்! நண்பரின் எண்ணை யாராவது கேட்டால், நண்பரிடம் அனுமதி கேட்ட பிறகே கொடுப்பீர்கள்தானே?