காமா கரையில் மறைந்த கவிஞர்: மரீனா ஸ்வெத்தாயெவா

வோல்காப் பேராற்றின் துணையாறுகளுள் பெரியது காமா. அதன் வலக்கரையில், தோய்மா என்னும் சிற்றாறு வந்து சேரும் இடத்தருகே அமைந்த ஊர் யெலபூகா. இன்று இது தாத்தார்ஸ்தான் குடியரசைச் சார்ந்தது. ஆற்றை நோக்கிய மேட்டில் பண்டைய வோல்கா பல்கேரியர் எழுப்பிய கோட்டையின் கற்கோபுரம் ஒன்று நிற்கிறது. பேரரசி இரண்டாம் கத்தரீன் 1780-இல் இவ்வூருக்கு நகரத் தகுதி வழங்கினார். ஆற்றுவழி வணிகம் ஊரைச் செழிக்கச் செய்தது. காட்டின் எழிலைத் தீட்டிப் புகழ்பெற்ற ஓவியர் இவான் ஷிஷ்கின் 1832-இல் இங்கே பிறந்தார். ஆணுடை தரித்து நெப்போலியனுக்கு எதிரான போரில் குதிரைப்படையில் பணியாற்றிய நதேழ்தா தூரவா 1866-இல் இங்கே மறைந்தார். எனினும், கவிதை நெஞ்சினர் இவ்வூரை நினைப்பது, இங்கு ஏறத்தாழ இரு வாரமே வாழ்ந்த மரீனா ஸ்வெத்தாயெவாவுக்காகவே.

மரீனா 1892-இல் மாஸ்கோவில் பிறந்தார். தந்தையார் இவான், பேராசிரியர். 1912-இல் திறக்கப்பெற்ற நுண்கலை அருங்காட்சியகத்தை நிறுவியவர். தாயார் மரியா பியானோ இசையில் தேர்ந்தவர். ஓகா ஆற்றங்கரை ஊரான தருசாவில் கழிந்த கோடைக்காலங்களே மரீனாவின் இளமைச் செல்வம். அவ்வூரிலேயே 1906-இல் தாயார் காசநோயால் மறைந்தார். 1910-இல் மரீனா தம் முதல் தொகுதியைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். 1912-இல் செர்கெய் எஃப்ரோனை மணந்தார்.

1917-இன் புரட்சியைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரில் கணவர் வெண்படையில் சேர்ந்தார். மாஸ்கோவில் இரு பெண்மக்களுடன் தனித்திருந்த மரீனாவைப் பசி வாட்டியது. உணவேனும் கிடைக்கும் என்று நம்பி மக்களைக் குழந்தைகள் இல்லத்தில் விட்டார். மூத்தவள் ஆரியத்னா நோயுற்றபோது அவளை வீட்டுக்குக் கொணர்ந்து காத்தார். இளையவள் இரீனா 1920-இல் அவ்வில்லத்திலேயே இறந்தாள். ஒரு மகளைக் காக்க முனைந்தவேளையில் மற்றவளை இழந்த துயர் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

1922-இல் நாட்டைவிட்டு வெளியேறினார். பெர்லின், பிராகா, பாரிஸ் என்று புலம்பெயர் வாழ்வு பதினேழு ஆண்டுகள் நீண்டது. 1925-இல் மகன் கியோர்கி பிறந்தான். மறு ஆண்டில் ரில்கேயுடனும் போரிஸ் பாஸ்டர்நாக்குடனும் அவர் நிகழ்த்திய கடிதப் போக்குவரத்து இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றது. வறுமையோ நீங்கவில்லை. கணவர் சோவியத் உளவுத்துறையோடு தொடர்புகொண்டது தெரியவந்தபின், புலம்பெயர்ந்தோரும் அவரிடமிருந்து விலகினர். 1939-இல் மகனுடன் தாயகம் திரும்பினார். அவ்வாண்டிலேயே மகளும் கணவரும் கைது செய்யப்பட்டனர். மொழிபெயர்ப்பு ஊதியமே பிழைக்கும் வழியாயிற்று.

1941-இல் போர் மாஸ்கோவை நெருங்கியது. ஆகஸ்டு 8-ஆம் நாள் மகனுடன் கப்பலேறினார். ஆற்றுத்துறைக்கு வந்து வழியனுப்பியவர்களுள் பாஸ்டர்நாக்கும் ஒருவர். யெலபூகாவில் ஒரு மரவீட்டின் தடுப்பறையே உறைவிடமாயிற்று. எழுத்தாளர் பலர் தங்கியிருந்த, அதே ஆற்றின் கரையூரான சிஸ்தோபலுக்குச் சென்று, அங்கே குடியேற இசைவு வேண்டினார். எழுத்தாளர்க்கெனத் திறக்கப்படவிருந்த உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்கும் விண்ணப்பித்தார். பின் யெலபூகாவுக்குத் திரும்பினார். ஆகஸ்டு 31-ஆம் நாள், தம் நாற்பத்தெட்டாம் அகவையில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவ்வாண்டு அக்டோபரில் கணவர் சுட்டுக்கொல்லப்பட்டார். மகன் 1944-இல் போரில் மாண்டான். சிறைமுகாமிலும் நாடுகடத்தலிலும் உழன்று 1955-இல் விடுதலைபெற்ற ஆரியத்னா, தாயின் படைப்புகளைத் திரட்டுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். 1961-இல் மாஸ்கோவில் கவிதைத் தொகுதி வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் யெலபூகாவின் இடுகாட்டுக்கு வந்த தங்கை அனஸ்தாசியாவால் புதைத்த இடத்தை உறுதியாக அறிய இயலவில்லை. அங்குள்ள நினைவுச்சின்னம் அவ்விடத்தை உத்தேசமாகவே சுட்டுகிறது.

தருசாவின் ஓகா கரையில் துயிலவேண்டும், இயலாவிடின் ஒரு கல்லேனும் அங்கு நிற்கவேண்டும் என்பது மரீனாவின் விருப்பம். அக்கல் 1962-இல் நடப்பட்டு, அகற்றப்பட்டு, 1988-இல் மீண்டும் நடப்பட்டது. யெலபூகாவில் இன்று அவர் பெயரால் அருங்காட்சியகம் உண்டு. நடுகல்லும் அருங்காட்சியகமும் கவிஞர்க்குரிய சிறப்புகளே. ஆயினும், உயிரோடிருந்தபோது அவர் வேண்டியவை ஓர் அறையும் ஒரு வேலையுமே. கவிஞரைப் போற்றும் காலம், அவர் வாழும் காலமே.