டிவியில் ரயில் பார்த்தவர்

முதல்முறையா ஜப்பான் போறீங்களா? ஷின்கான்சென் ரயில்ல ஏறும்போது முன்னாடி தனி எஞ்சினைத் தேடாதீங்க, கிடையாது. மோட்டார்களைப் பெட்டிகளுக்கு அடியில் பிரிச்சு வைக்கணும்னு பிடிவாதமா நின்னவர் ஹிடியோ ஷிமா (1901–1998).

அப்பாவும் ரயில்வே இன்ஜினியர். அவர் வேலை செய்த அதிவேக ரயில் திட்டம் போர்க்காலத்தில் நின்னு போச்சு. 1951-ல் சகுராகிச்சோவில் ரயில் தீப்பிடித்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் ஷிமா வேலையை விட்டார். 1955-ல் ரயில்வே தலைவரான ஷின்ஜி சோகோ அவரை விடாப்பிடியாத் திரும்பக் கூட்டி வந்தார்.

மணிக்கு 210 கி.மீ. வேகம் வந்தது. செலவு மட்டும், நம்ம ப்ராஜெக்ட் மாதிரியே, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 1963-ல் சோகோ பதவி போச்சு. ஷிமாவும் கூடவே விலகினார்.

1964 அக்டோபர் 1, டோக்கியோவில் தொடக்க விழா. அழைப்புகூட வரலை. முதல் ரயில் கிளம்பினதை வீட்டில் உட்கார்ந்து டிவியில்தான் பார்த்தார்.