நில்லாத வண்டிக்குத் தபாற்பை தந்த நதானியேல் வேர்ஸ்டெல்

இரவுத் தபால் புகையிரதம் என்ற பெயர் இந்நாட்டவருக்குப் புதியதன்று. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்திற்கும் மட்டக்களப்பிற்கும் பதுளைக்கும் இரவில் புறப்பட்ட வண்டிகளை மூத்த தலைமுறையினர் மெயில் வண்டி என்றே குறிப்பிடுவர். பயணிகளோடு கடிதங்களையும் சுமந்து சென்றமையால் வந்த பெயர் அது. இத்தகைய தபால் வண்டிகள் முதன்முதலில் ஓடத் தொடங்கிய பிரித்தானியாவில், அவற்றுட் பல சிற்றூர்களில் நிற்பதேயில்லை. மணிக்கு அறுபது மைல் வேகத்தில் நிலையத்தைக் கடக்கும்போதே அவ்வூருக்குரிய பையை விட்டுவிட்டு, அவ்வூர் மக்கள் எழுதிய கடிதங்கள் அடங்கிய பையை வாரிக்கொண்டு போய்விடும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்றுவந்த இந்த ஏற்பாட்டின் முதற் காப்புரிமையைப் பெற்றவர் நதானியேல் வேர்ஸ்டெல் ஆவார். பிரித்தானியப் புகையிரத வரலாற்றில் வேர்ஸ்டெல் என்ற குடும்பப் பெயர் நன்கறியப்பட்டது. எனினும் அப்பெயருக்குரியவர் தமது கண்டுபிடிப்பினால் அடைந்த பயன் எதுவுமில்லை என்பது பலரும் அறியாதது.

நதானியேல் 1809ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தையார் தோமஸ் கிளார்க் வேர்ஸ்டெல் குதிரை வண்டிகள் கட்டும் தொழிலில் தேர்ந்தவர். குடும்பத்தினர் குவேக்கர் எனப்படும் நண்பர்கள் சபையைச் சார்ந்தோர். எளிய உடை, அளவான பேச்சு, சத்தியம் செய்ய மறுக்கும் உறுதி, வணிகத்தில் நாணயம் என்பன இச்சபையினரின் அடையாளங்களாக அந்நாளில் இங்கிலாந்து முழுவதும் அறியப்பட்டிருந்தன. அரசு சார்ந்த திருச்சபையில் சேராதவர்கள் என்பதால் பல்கலைக்கழகங்களும் அரச பதவிகளும் இவர்களுக்குப் பெரும்பாலும் மூடப்பட்டிருந்தன. வணிகமும் கைத்தொழிலுமே இவர்களுக்குத் திறந்திருந்த வழிகள். புகையிரதத்தின் தொடக்க கால வரலாற்றில் குவேக்கர்களின் பெயர்கள் இத்துணை அதிகமாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1820களின் பிற்பகுதியில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையில் புதிய இருப்புப் பாதை அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்பாதையின் பொறியியலாளர் ஜோர்ஜ் ஸ்டீபன்சன். இயந்திரம் செய்யும் கலை அவருக்குக் கைவந்தது; ஆனால் மனிதர்கள் ஏறிச் செல்லும் பெட்டிகளைக் கட்டுவதற்கு வண்டித் தச்சர்கள் தேவைப்பட்டனர். அவ்வாறு லிவர்பூலுக்கு வந்து சேர்ந்தவர்களே வேர்ஸ்டெல் குடும்பத்தினர். குதிரை வண்டியின் உடற்பகுதி மூன்றை ஒரே சட்டத்தின் மீது வரிசையாகப் பொருத்தியது போன்ற தோற்றமுடைய முதல் வகுப்புப் பெட்டிகள் அக்காலத்தில் உருவாயின. புகையிரதப் பெட்டியின் பிறப்பு இயந்திரப் பட்டறையில் அன்றி, வண்டித் தச்சனின் கூடத்திலேயே நிகழ்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1829ஆம் ஆண்டு ஒக்டோபரில் ரெயின்ஹில் என்னுமிடத்தில் இயந்திரப் போட்டியொன்று நடந்தது. சிறந்த இயந்திரத்திற்கு 500 பவுண் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. ஸ்டீபன்சன்களின் ரொக்கெட் இயந்திரம் வெற்றி பெற்றதை உலகம் அறியும். அந்த இயந்திரத்தின் பின்னால் நீரையும் எரிபொருளையும் சுமந்து சென்ற துணை வண்டியைக் கட்டியவர் அப்போது இருபது வயதை எட்டிக்கொண்டிருந்த நதானியேல். இந்த 500 பவுண் என்ற தொகையை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்வது நல்லது. அவரது வாழ்க்கையில் அதே தொகை மீண்டும் ஒருமுறை குறுக்கிட இருந்தது.

1830 செப்டெம்பரில் அப்பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி தபால் முதன்முறையாகப் புகையிரதத்தில் ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் கடிதங்கள் குதிரைகள் பூட்டிய தபால் கோச்சு வண்டிகளிலேயே சென்றன. 1784இல் தொடங்கிய அந்தச் சேவை தனக்கெனச் சில வித்தைகளை வைத்திருந்தது. சிறிய ஊர்களில் கோச்சு நிற்பதில்லை. காவலர் ஊருக்குரிய பையைக் கீழே எறிவார். தபால் அதிபர் நீட்டிப் பிடிக்கும் பையை ஓடும் வண்டியிலிருந்தே எட்டிப் பறித்துக்கொள்வார். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் ஓடிய வண்டிக்கு இது போதுமாயிருந்தது. முப்பது மைல் வேகத்தில் ஓடும் புகையிரதத்திலிருந்து எவரேனும் அவ்வாறு கையை நீட்டினால் கையே போய்விடும்.

ஆகவே புகையிரதம் தபாலுக்கு ஒரு வகையில் நன்மையும் இன்னொரு வகையில் தீமையும் செய்தது. பெருநகரங்களுக்கிடையில் கடிதங்கள் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் சென்றன. இடையிலிருந்த ஊர்களோ பழைய கோச்சு வண்டியையும் இழந்து, புதிய வண்டியும் நில்லாத நிலைக்குத் தள்ளப்பட்டன. ஒவ்வோர் ஊரிலும் நிறுத்தினால் வேகம் போய்விடும். நிறுத்தாவிட்டால் கடிதம் போய்ச் சேராது.

1837 ஜூலையில் பேர்மிங்ஹாம் நகரை லிவர்பூல், மான்செஸ்டர் நகரங்களுடன் இணைக்கும் கிராண்ட் ஜங்ஷன் பாதை திறக்கப்பட்டபோது இப்பிரச்சினை கூர்மையடைந்தது. 1838 ஜனவரியில் அப்பாதையில் குதிரைகளை ஏற்றும் பெட்டியொன்றைத் திருத்தியமைத்து, ஓடும்போதே கடிதங்களைத் தரம் பிரிக்கும் நடமாடும் தபாலகம் பரீட்சிக்கப்பட்டது. தபாலகமே ஓடத் தொடங்கிவிட்ட பின்னர் அதற்குப் பையைக் கொடுப்பதும் அதனிடமிருந்து வாங்குவதும் எவ்வாறு? அந்தக் கம்பனியின் பெட்டிப் பகுதியில் பணிபுரிந்த நதானியேல் இதற்கு விடை கண்டார். கோச்சுக் காவலரின் கை செய்த வேலையை இரும்புச் சட்டமும் வலையும் செய்யுமாறு அமைத்தால் வேகம் ஒரு தடையாகாது என்பதே அவருடைய எண்ணம். 1838 ஜனவரி 4ஆம் திகதி அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. பத்து நாட்களின் பின்னர் அவருடைய மகன் தோமஸ் வில்லியம் பிறந்தார்.

இந்தப் பொறி பிற்காலத்தில் அடைந்த வடிவத்தை இங்கு விளக்குதல் பொருத்தமாகும். தபாற்பைகள் தடித்த தோலுறையொன்றினுள் வைத்து வாரினால் இறுகக் கட்டப்படும். பாதையோரத்துக் கம்பத்தில் அந்த உறை தொங்கவிடப்பட்டிருக்கும். வண்டி நெருங்கும்போது உள்ளிருக்கும் உத்தியோகத்தர் பெட்டியின் பக்கத்திலிருந்து பெரிய வலையொன்றை வெளியே விரிப்பார். வலையின் வாயில் இழுத்துக் கட்டப்பட்ட கயிறு உறையைக் கம்பத்திலிருந்து தட்டி விடுவிக்க, அது வலைக்குள் விழுந்து பேரோசையுடன் பெட்டிக்குள் உருண்டு வரும். அதே வேளையில் பெட்டியின் வாயிற்புறத்திலிருந்து வெளியே நீட்டப்பட்ட இரும்புக் கையில் தொங்கும் மற்றொரு உறையைப் பாதையோரத்தில் நிலைநாட்டப்பட்ட வலை பிடித்துக்கொள்ளும். கொடுப்பதும் வாங்குவதும் சில நொடிகளுக்குள் முடிந்துவிடும்.

சொல்வதற்கு எளிது. இந்த வேலை நடந்தது பெரும்பாலும் இருளில் என்பதை மறக்கலாகாது. வலையை முன்கூட்டியே விரித்தால் பாலத்திலோ சமிக்ஞைக் கம்பத்திலோ மோதும். பிந்தி விரித்தால் பை தவறிவிடும். எனவே நடமாடும் தபாலகத்தின் உத்தியோகத்தர்கள் பாதையைக் காதாலேயே படித்து வைத்திருந்தனர். பாலத்தைக் கடக்கும்போது எழும் ஒலி மாற்றத்தைக் கொண்டு பாலங்களை எண்ணி, இத்தனையாவது பாலத்திற்குப் பின் வலையை விரிக்க வேண்டும் என்று கணித்தனர்.

காப்புரிமை பெற்ற கையோடு நதானியேல் தமது கண்டுபிடிப்பைத் தபால் திணைக்களத்திற்கு விற்க முன்வந்தார். திணைக்களம் கொடுப்பதாகச் சொன்ன தொகை 500 பவுண். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தனியார் கம்பனி ஓர் இயந்திரத்திற்குப் பரிசாக அளித்த அதே தொகை. அவர் கேட்டதோ அதைவிடப் பன்மடங்கு. பேரம் முறிந்தது.

திணைக்களத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அது செலவிட வேண்டியது பொதுப்பணம். நீண்டகாலப் பயன்பாட்டில் இன்னும் நிரூபிக்கப்படாத ஒரு பொறிக்குப் பெருந்தொகை கொடுப்பதற்கு எந்த அதிகாரியும் தயங்குவார். எனினும் அடுத்து நடந்ததை அத்தனை எளிதாக நியாயப்படுத்த முடியாது. அதே 1838ஆம் ஆண்டில் திணைக்களத்தின் உத்தியோகத்தரான ஜோன் ரம்சே என்பவர் இதே நோக்கத்திற்கான ஒரு பொறியை அமைத்தார். அது இலண்டன் - பேர்மிங்ஹாம் பாதையில் பொக்ஸ்மூர் என்னுமிடத்தில் பரீட்சிக்கப்பட்டது. வேர்ஸ்டெலின் காப்புரிமை உயிருடன் இருக்கையில் அதனை நாடெங்கும் நிறுவுவதில் சட்டச் சிக்கல் இருந்தது. 1848இல் திணைக்களத்தைச் சேர்ந்த இன்னொருவரான ஜோன் டிக்கர் திருத்திய வடிவமொன்றை ஆக்கினார். அந்நாளைய சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் பதினான்கு ஆண்டுகள். 1852இல் நதானியேலின் உரிமை காலாவதியானது. அதன் பின்னரே பொறி தடையின்றி எங்கும் பரவியது.

இதில் சட்டத்திற்கு மாறானது எதுவுமில்லை என்று வாதிடலாம். உரிமை முடிந்த பின் எவரும் பயன்படுத்தலாம். ஆயினும் ஒரு தொழிலாளியின் உரிமை இறக்கும்வரை காத்திருந்து பின்னர் இலவசமாக எடுத்துக்கொள்வது ஓர் அரசாங்கத் திணைக்களத்திற்கு அழகாகுமா என்ற கேள்வி எஞ்சுகின்றது. அக்காலத்தில் காப்புரிமை பெறுவதற்கே ஒரு கைவினைஞர் பெருஞ்செலவு செய்ய வேண்டியிருந்தது. பல அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையைக் குறைக்கும் சட்டத்திருத்தமும் நதானியேலின் உரிமை முடிவுற்ற அதே 1852இலேயே வந்தது.

நட்டம் அவருக்கு மட்டுமன்று. 1840 ஜனவரியில் ரோலண்ட் ஹில்லின் சீர்திருத்தப்படி ஒரு பென்னிக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. 1839இல் ஏறத்தாழ 7 கோடி 60 இலட்சமாக இருந்த கடிதங்களின் தொகை ஒரே ஆண்டில் 16 கோடி 90 இலட்சமாகப் பெருகியது. ஏழைகளும் கடிதம் எழுதத் தொடங்கிய காலம் அது. ஊரை விட்டுத் தொழிற்சாலைகளைத் தேடிச் சென்ற பிள்ளைகளுக்கும் ஊரிலிருந்த பெற்றோருக்கும் இடையில் முதன்முறையாகக் கடிதத் தொடர்பு கைக்கெட்டியது. சிற்றூர்களுக்கு வேகமான தபால் மிகவும் தேவைப்பட்ட அந்த ஆண்டுகளிலேயே, தீர்வு கையில் இருந்தும் அது முழு அளவில் பயன்படவில்லை.

அவர் சார்ந்த சபையினர் நீதிமன்றப் படியேறுவதை இயன்றவரை தவிர்ப்பவர்கள். நதானியேல் தமது தொழிலுக்கே திரும்பினார். 1843இல் கிராண்ட் ஜங்ஷன் கம்பனியின் பட்டறைகள் லிவர்பூலிலிருந்து குரூ என்ற இடத்திற்கு மாற்றப்பட்டபோது அவரும் அங்கு சென்றார். வயல்வெளியாக இருந்த அவ்விடம் சில ஆண்டுகளில் ஒரு புகையிரத நகரமாக எழுந்தது. 1846இல் அவருடைய கம்பனி இலண்டன் - வடமேற்குப் புகையிரதக் கம்பனியுடன் இணைந்தது. நாட்டின் முக்கிய தபால் வண்டிகள் ஓடியது இக்கம்பனியின் பாதையிலேயே; அவற்றுக்குக் குரூ பெரியதொரு சந்தி. தமக்கு உரிமையாயிருந்த எண்ணம் வலையும் கம்பமுமாக உருப்பெற்று இரவுதோறும் தமது ஊரின் வழியே விரைந்ததை அவர் பல்லாண்டுகள் காண நேர்ந்தது.

1886இல் நதானியேல் காலமானார். தந்தையின் தொழில் பிள்ளைகளிடம் வேறு வடிவில் தொடர்ந்தது. காப்புரிமை பெற்ற அதே மாதத்தில் பிறந்த தோமஸ் வில்லியம் அமெரிக்காவில் பென்சில்வேனியா புகையிரதக் கம்பனியில் அனுபவம் பெற்றுத் திரும்பி, பெரிய கிழக்கு, வடகிழக்குக் கம்பனிகளின் இயந்திரப் பகுதித் தலைவராக உயர்ந்தார். 1890இல் வடகிழக்குக் கம்பனியில் அவர் வகித்த பொறுப்பை இளைய சகோதரர் வில்சன் ஏற்று 1910 வரை வகித்தார்.

முதலாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் பிரித்தானியாவில் இருநூறுக்கும் மேற்பட்ட பாதையோரப் பொறிகள் இயங்கின. 1936இல் வெளிவந்த இரவுத் தபால் பற்றிய புகழ்பெற்ற விவரணத் திரைப்படத்தில் உத்தியோகத்தர் ஒருவர் பாலங்களை எண்ணி உறையை வெளியே தள்ளும் காட்சி உண்டு. பின்னர் வண்டிகள் நின்று செல்லும் இடங்களிலிருந்து மோட்டார் வாகனங்கள் சிற்றூர்களுக்குப் பைகளை எடுத்துச் செல்லத் தொடங்கவே, கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கப்பட்டன. 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி வட இங்கிலாந்தின் பென்ரித் அருகே கடைசிப் பை வலையில் விழுந்தது. நடமாடும் தபாலகங்கள் மட்டும் அதன் பின்னரும் ஓடி, 2004 ஜனவரியில் ஓய்வு பெற்றன.