கம்பி மில்லிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு

மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒயர் டிராயிங் தெரிந்திருக்கும். தடித்த கம்பியை டையின் சின்னத் துளை வழியாக இழுத்து மெலிசாக்குவது. படம் போட்டு மார்க் வாங்கியதோடு நாம் அதை மறந்துவிடுவோம். அந்த மாதிரி ஒரு கம்பி மில்லில் 7 வருடம் உழைத்த பையன்தான், பின்னாளில் முதல் உலகப்போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்குத் தாடையைத் திரும்பக் கட்டிக்கொடுத்தவர். பெயர் வராஸ்டாட் கஸஞ்சியன். வாயில் நுழையக் கஷ்டமான பேர்தான். இவருடைய வேலையே வாய்க்குள்தான் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

1879-ல் ஒட்டோமான் பேரரசில் எர்ஜின்ஜான் என்ற ஊரில் ஓர் அர்மீனியக் குடும்பத்தில் பிறந்தார். 1890-களின் நடுவில் அந்தப் பேரரசில் அர்மீனியர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். 1895-ல், 16 வயசில், அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மாசசூசெட்ஸில் வூஸ்டர் என்ற தொழில் நகரம். பகலில் மில், ராத்திரியில் படிப்பு. 1902-ல் ஹார்வர்டின் பல் மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது. 1905-ல் பட்டம் வாங்கி அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டார். கம்பி எவ்வளவு முறுக்கினால் தாங்கும், எப்போ பட்டுனு உடையும் என்பது விரலுக்கே தெரிந்த ஒரு பல் டாக்டர்!

அது ஏன் முக்கியம்னா, உடைந்த தாடைக்குப் பெரிய பெரிய கவசம் மாதிரி ஸ்பிளின்ட் மாட்டிக்கொண்டிருந்த காலம் அது. கஸஞ்சியன் மெல்லிய கம்பியால் மேல் வரிசைப் பல்லையும் கீழ் வரிசைப் பல்லையும் சேர்த்துக் கட்டுகிற எளிய முறையைப் பெரிதும் பயன்படுத்தினார். நம்ம வொர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால், பல்தான் டேட்டம். மேல் பல்லும் கீழ் பல்லும் பழையபடி சரியாகப் பொருந்திவிட்டால் அவற்றைத் தாங்கும் எலும்புத் துண்டுகளும் சரியான இடத்துக்கு வந்துவிட்டன என்று அர்த்தம். தனியாக ஒரு ஜிக் செய்யவே வேண்டாம், அது வாய்க்குள்ளேயே இருக்கிறது. எலும்பு கூடும்வரை வாயைத் திறக்க முடியாது, கஞ்சி மாதிரி திரவ உணவுதான்.

1915-ல் ஹார்வர்டிலிருந்து ஒரு மருத்துவக் குழு பிரிட்டிஷ் ராணுவத்துக்கு உதவ பிரான்சுக்குப் போனது. பல் மருத்துவத்துக்கு இவர்தான் தலைமை. 3 மாசத்தில் திரும்பி வருவதாகத்தான் ஏற்பாடு. திரும்பியது 1919-ல்.

காரணம் பதுங்குகுழிப் போர். உடம்பு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், எட்டிப் பார்க்கிற தலை மட்டும் வெளியே. குண்டுச் சில்லு வந்து தாடையைப் பெயர்த்துக்கொண்டு போகும். தாடையின் முன்பகுதி போய்விட்டால் நாக்குக்குப் பிடிமானம் இல்லை. மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்துவிடும். அதையும் தாண்டிப் பிழைத்து வந்தவர்களுக்கு அடுத்த ஆபத்து அவசரத் தையல். எலும்பு போன பள்ளத்தின் மேல் தோலை இழுத்துத் தைத்துவிட்டால் புண் ஆறிவிடும். ஆனால் ஆறுகிற தழும்பு சுருங்கும். சுருங்கும்போது மிச்சமிருக்கிற எலும்புத் துண்டுகளை உள்ளே இழுக்கும். கடைசியில் ஆள் பிழைத்திருப்பார், மெல்ல முடியாது, வாய் மூடாது, எச்சில் வழிந்துகொண்டே இருக்கும், பேச்சு யாருக்கும் புரியாது.

கஸஞ்சியன் காமியே என்ற இடத்து ராணுவ மருத்துவமனையில் இந்த வரிசையை மாற்றினார். முதலில் மிச்சமிருக்கும் பற்களைப் பிடித்து எலும்பை அதன் இடத்தில் நிறுத்து. எலும்பு இல்லாத இடத்தில் ரப்பரிலோ உலோகத்திலோ ஒரு தாங்கு வை. அதன் மேல் தசையும் தோலும் சுருங்காமல் ஆறட்டும். எலும்பு ஒட்டு, தோல் சீரமைப்பு எல்லாம் அப்புறம். சென்டரிங் அடிக்காமல் கான்கிரீட் போடக்கூடாது என்று சிவில்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆயிரக்கணக்கான காயங்கள் அவர் கை வழியாகப் போயின. பத்திரிகைகள் அவரை மேற்குப் போர்முனையின் அற்புத மனிதர் ஆக்கின. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் விருது கொடுத்துக் கௌரவித்தார்.

இதற்கப்புறம் அவர் செய்ததுதான், எனக்குத் தெரிந்து, போரில் செய்ததைவிடக் கஷ்டமானது. பல் டாக்டராக அவர் எல்லையைத் தாண்டி அறுவை சிகிச்சைக்குள் வெகுதூரம் போயிருந்தார், ஆனால் கையில் மருத்துவப் பட்டம் இல்லை. 40 வயசு. விருது வாங்கியாச்சு, பேர் வாங்கியாச்சு. அந்த மனுஷன் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் மாணவனாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். 1921-ல் எம்.டி. பிறகு 1941-ல் அதே ஹார்வர்டின் முதல் பிளாஸ்டிக் சர்ஜரி பேராசிரியர்.

எல்லாமே வெற்றி என்றும் சொல்ல முடியாது. வியன்னாவில் சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு வாய்ப் புற்றுநோய். 1923-ல் மேல் தாடையிலும் அண்ணத்திலும் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். வாயும் மூக்கும் ஒன்றாகிவிட்டதால், நடுவில் அடைப்பாக ஒரு செயற்கை அண்ணம் போட்டால்தான் சாப்பிடவோ பேசவோ முடியும். அது இறுக்கமாக இருந்தால் புண், தளர்வாக இருந்தால் பயனில்லை. 1931-ல் ஐரோப்பா வந்திருந்த கஸஞ்சியனை ஃப்ராய்டின் நண்பர்கள் விடாமல் கேட்டு வியன்னாவுக்கு வரவழைத்தார்கள். அவரும் புதிதாகச் செய்து பொருத்திப் பார்த்தார். ஃப்ராய்டுக்கு அதிலும் முழு நிம்மதி கிடைக்கவில்லை. 1939-ல் இறக்கும்வரை அந்த வலி கூடவே இருந்தது.

1949-ல் ஜான் கான்வர்ஸ் என்ற சர்ஜனோடு சேர்ந்து, முகக் காயங்களின் அறுவை சிகிச்சை பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அந்தத் துறையில் இருப்பவர்கள் பல பதிப்புகளாகப் படித்த புத்தகம் அது. 1974-ல், 95 வயசில் காலமானார்.

இப்போ பைக் விபத்தில் தாடை உடைந்து வருகிறவருக்கு டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போடுகிறார்கள். ஆனால் ஸ்க்ரூவை முடுக்குவதற்கு முன்னால் பெரும்பாலும் சர்ஜன் செய்கிற வேலை, மேல் பல்லையும் கீழ் பல்லையும் கம்பியால் கட்டி, கடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது.