மாருதி 800 இன்ஜினில் ரேஸ் கார்: கார் பந்தயத்தை மலிவாக்கிய கோவை கரிவர்தன் யார்?

கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில், 1980களின் கடைசியில் நின்ற எந்த மாருதி 800 காரின் பானட்டைத் திறந்தாலும் உள்ளே இருந்தது ஒரே இன்ஜின்தான். 3 சிலிண்டர், 796 சிசி. குடும்பத்தோடு கடைவீதிக்குப் போய்வர வாங்கிய கார் அது. அதே இன்ஜினை ஒற்றை இருக்கை ரேஸ் காரில் பொருத்தி, இந்தியக் கார் பந்தயத்தின் கணக்கையே மாற்றியவர் ஒரு கோவைக்காரர்.

பெயர் சுந்தரம் கரிவர்தன். ரேஸ் வட்டாரத்தில் சுருக்கமாக ‘கரி’.

யார் இந்த கரிவர்தன்?

1954-ல் பிறந்தவர். லட்சுமி மில்ஸைத் தொடங்கிய ஜி.குப்புசாமி நாயுடுவின் பேரன். பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளைக்கு நூலைவிட இன்ஜின் மீதுதான் ஆசை. சென்னை அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் கார் ஓட்டினார். ஓட்டியதோடு நிற்கவில்லை. காரைப் பிரித்து மாற்றி அமைப்பது, புதிதாக வடிவமைப்பது என்று இறங்கினார். ‘சூப்பர் ஸ்பீட்ஸ்’ என்ற பந்தய அணியையும் தொடங்கினார்.

அப்போது என்ன சிக்கல்?

பணம்தான். சோழவரத்தில் வசதி உள்ளவர்கள் வெளிநாட்டு ரேஸ் கார்களை இறக்குமதி செய்து ஓட்டினார்கள். விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய ஒரு பழைய என்சைன் காரையே கொண்டுவந்தார். சாதாரணக் காரை மாற்றி ஓட்டுபவர் அதோடு எப்படி மோதுவது? இறக்குமதிக் காரில் ஒரு பாகம் உடைந்தாலும், மாற்றுப் பாகம் கடல் தாண்டி வரணும்.

விளைவு, திறமை இருக்கிற இளைஞன் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கரி என்ன செய்தார்?

1980களின் பிற்பகுதியில் ‘ஃபார்முலா மாருதி’ காரை உருவாக்கினார். மாருதி 800 இன்ஜின், இங்கேயே செய்த சட்டகம். முக்கியமான விஷயம் இதுதான்: எல்லாருக்கும் ஒரே மாதிரி கார். யாரும் தனியாக இன்ஜினை வடிவமைக்க முடியாது. அதற்காகக் கோடிகளைக் கொட்டவும் வேண்டியதில்லை.

இன்ஜின் போச்சுன்னா? ஊரெங்கும் ஓடுகிற காரின் இன்ஜின்தானே, உள்ளூரிலேயே வாங்கி மாட்டலாம். காரில் வித்தியாசம் இல்லாததால் ஒருவர் முந்தினால், அதற்குக் காரணம் பெரும்பாலும் அவரது கைதான்.

பலன் கிடைத்ததா?

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், ஸ்ரீபெரும்புதூர் பந்தயத் தடத்தில் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். முதல் மூவரில் ஒருவராக வந்தார். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். சென்னையின் கருண் சந்தோக் 2000-ல் ஃபார்முலா மாருதி சாம்பியன். 2010-ல் அவரும் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார்.

இந்தியாவில் இருந்து ஃபார்முலா ஒன் வரை போனவர்கள் இந்த இருவர் மட்டுமே. இருவரும் ஏறிய முதல் படிகளில் ஒன்று, அந்த 796 சிசி கார்.

அப்போ கண்டுபிடிப்புக்கு இடமே இல்லையா?

இங்கேதான் கரியின் வாழ்க்கையில் ஒரு முரண். தன் கையால் புதுசு புதுசாகச் செய்து பார்ப்பதுதான் அவருக்குப் பிடித்த வேலை. ஆனால் அவர் விட்டுப்போன பெரிய வேலையோ, மற்ற அணிகள் அப்படிச் செய்து பார்க்கும் வாசலைச் சாத்தியது. ஒரே மாதிரி காரில் மெக்கானிக் காற்றழுத்தத்தையும் சக்கரக் கோணத்தையும் திருத்தலாம். புது இன்ஜின் செய்யக் கற்றுக்கொள்ள முடியாது. ஓட்டுநர்கள் கிடைத்தார்கள், உண்மை. கார் வடிவமைப்பாளர்கள் அதே வேகத்தில் உருவாக அந்தப் பாதையில் வழி இல்லை.

ஃபார்முலா ஒன்னும் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறது. 2008-ல் எல்லா அணிகளுக்கும் ஒரே மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி வந்தது. அந்த ஆண்டின் முடிவில் செலவைத் தாங்க முடியாமல் ஹோண்டா வெளியேறியது. அடுத்த ஆண்டு பிஎம்டபிள்யூவும் டொயோட்டாவும் கிளம்பின. 2021-ல் அணிகளின் செலவுக்கு 14.5 கோடி டாலர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. முழுக்க ஒரே காராக்கினால் அது ஃபார்முலா ஒன்னே இல்லை என்பது ஒரு தரப்பு. விட்டுவிட்டால் பணக்கார அணி மட்டும்தான் ஜெயிக்கும் என்பது மறு தரப்பு.

கரியின் தேர்வு தெளிவாக இருந்தது. பந்தயமே ஓட்ட வழியில்லாத நாட்டில், முதலில் ஆட்களைத் தடத்துக்குள் கொண்டுவர வேண்டும். மற்றது பிறகு.

கரிக்குப் பிறகு?

அந்த ‘பிறகு’ அவருக்குக் கிடைக்கவில்லை. 1995 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தார். வயது நாற்பதைத்தான் தாண்டியிருந்தது. நரேன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியதை அவர் பார்க்கவில்லை.

2003-ல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த பந்தயத் தடத்துக்கு ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று பெயர் வைத்தார்கள். நீளம் சுமார் 2.1 கிலோமீட்டர். அங்கே ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களில் இருப்பது மாருதி ஸ்விஃப்ட் இன்ஜின். இன்ஜின் மாறிவிட்டது. ஆனா கரி போட்ட கணக்கு அப்படியேதான் இருக்கு: எல்லாருக்கும் ஒரே கார், மிச்சம் ஓட்டுபவர் கையில்.